கடனை அடைத்தால் மருத்துவர் வருவாரா? ஓட்டப்பிடாரத்து ஆடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வி

ஊரகத்தில் பணியாற்ற முன்வரும் கால்நடை மருத்துவரின் கல்விக் கடனை அரசே அடைக்க வேண்டும் என்ற யோசனை அமெரிக்காவில் 2003இலேயே சட்டமாகிவிட்டது. நியூசிலாந்து 2009 முதல் அதையே வேறொரு வடிவில் செய்துவருகிறது. தமிழ்நாட்டில் கல்விக் கடன் என்றதும் பேச்சு தள்ளுபடிக்குப் போய்விடுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அது வாக்குறுதியாக வந்தது. கால்நடை மருத்துவர் பற்றாக்குறை என்றதும் பேச்சு காலிப் பணியிடங்களோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்கும் வழக்கம் இங்கே இல்லை.

இக்கட்டுரை அப்படி யோசித்துப் பார்க்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் போன்ற ஒரு வறண்ட வட்டத்துக்குக் கால்நடை மருத்துவர் வரவும் வந்தவர் தங்கவும் கல்விக் கடன் நிவாரணம் உதவுமா? உதவும் என்றால் எந்த வடிவில்? என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருத்துவரின் கடனை அளவுகோலாகக் கொண்ட நிவாரணம் இங்கே பெரிதாக எதையும் மாற்றாது. பணிபுரியும் இடத்தை அளவுகோலாகக் கொண்ட தொகை மாற்றக்கூடும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஆடுகளிடமிருந்து தொடங்க வேண்டும்.

கரிசலும் ஆடும்

ஓட்டப்பிடாரம் என்றால் 1872இல் அங்கே பிறந்த வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வருவார். பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியால் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடற்கரை கிழக்கே இருக்கிறது. ஆனால் தருவைக்குளம் கரையை விட்டு மேற்கே உள்ளே வந்தால் கண்ணுக்கெட்டிய வரை மானாவாரிக் கரிசல்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் விதைக்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆடு. மழை பெய்த ஆண்டிலும் அறுவடை முடிந்த காட்டில் மேய்வது அதே ஆடுதான். கி.ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவை ஏதோ பெயரில்லாத நாட்டாடுகள் அல்ல. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பகுதிக்கு உரியது கன்னி ஆடு. கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. கடலோரத்தை ஒட்டி, உயர்ந்த கால்களும் வெள்ளை உடலும் கொண்ட கொடி ஆடு உண்டு; கருந்திட்டு விழுந்தது கரும்போரை, செந்திட்டு விழுந்தது செம்போரை. விளாத்திகுளம் பக்கத்து வேம்பூர் தன் பெயரையே ஒரு செம்மறி இனத்துக்குத் தந்திருக்கிறது. கூடவே கீழக்கரிசல் செம்மறியும் உண்டு. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே காலூன்ற இடம் கிடைக்காது.

நோய்களுக்கும் இங்கே பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கடிபூச்சிகள் பெருகும்போது, செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் வரும். புதுப்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடுகளைத் துள்ளுமாரி ஓரிரவில் சாய்த்துவிடும். கரிசல் சேறாகி இருசக்கர வாகனத்தின் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் மாதங்களும் அவையேதான். மருத்துவர் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அவர் வந்து சேர முடியாத காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பத்து மைல் தள்ளி நகரத்தில் இருக்கும் மருத்துவரும் உள்ளூரிலேயே இருக்கும் மருத்துவரும் ஒன்றல்ல என்பதை ஐப்பசியில் ஒருமுறை வந்து பார்த்தவர் ஒத்துக்கொள்வார்.

பணிக்கு ஈடாகக் கடன்: வெளிநாட்டு முன்மாதிரிகள்

அமெரிக்கத் திட்டம் 2003இல் சட்டமானாலும் முதல் உதவித்தொகைகள் 2010இல்தான் வழங்கப்பட்டன. வேளாண் துறையின் கீழ் இயங்கும் தேசிய உணவு வேளாண்மை நிறுவனம் அதை நடத்துகிறது. மாநிலக் கால்நடை நல அதிகாரிகள் தம் மாநிலத்தில் மருத்துவர் இல்லாத பகுதிகளை முன்மொழிகிறார்கள். அப்பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய ஒப்புக்கொள்ளும் மருத்துவரின் கடனில் ஆண்டுக்கு 25,000 டாலர் வீதம் 75,000 டாலர் வரை அரசு அடைக்கும் என்பது தொடக்க கால விதி. விண்ணப்பிக்கக் குறைந்தது 15,000 டாலர் கடன் இருக்க வேண்டும். பண்ணை விலங்குகளுக்கான தனியார் மருத்துவம், ஊரகத் தனியார் மருத்துவம், பொதுத்துறைப் பணி என்று பற்றாக்குறையை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஒரு விசித்திரமும் அதில் உண்டு. அடைக்கப்படும் தொகை மருத்துவரின் வருமானமாகக் கருதப்படுவதால் அதற்கு வரி விழுகிறது. அந்த வரியையும் திட்ட நிதியிலிருந்தே கட்டுகிறார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டால் பயன்பெறக்கூடிய மருத்துவர்களின் எண்ணிக்கை குறைகிறது. வரிவிலக்குக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை அறிமுகமாகியிருக்கிறது.

கன்சாஸ் மாநிலம் 2006இல் வேறு வழியில் போனது. அங்கே மாணவராக இருக்கும்போதே ஆளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 20,000 டாலர் கடன் தரத் தொடங்கினார்கள். படித்து முடித்து, 35,000 பேருக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட கவுன்ட்டி ஒன்றில் பணிபுரிந்தால் ஓராண்டுப் பணிக்கு ஓராண்டுக் கடன் கழியும் என்பது தொடக்க கால விதி. நியூசிலாந்துத் திட்டம் இன்னும் எளிமையானது: ஊரகத்தில் பண்ணை விலங்குகளைப் பார்க்கும் புதிய மருத்துவருக்கு ஆண்டுக்கு 11,000 நியூசிலாந்து டாலர், ஐந்தாண்டு வரை; ஆனால் மூன்றாண்டு முடிந்த பிறகுதான் முதல் பணம் கைக்கு வரும்.

இவை பலன் தருகின்றனவா? கால்நடை மருத்துவத்தைவிட மனித மருத்துவத்தில்தான் இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. டில் பெர்னிகவுசனும் டேவிட் புளூமும் 2009இல் வெளியிட்ட முறைசார் மதிப்பாய்வு, பணிக்கு ஈடாகப் பண ஊக்கம் தரும் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் நெடுங்காலத்திலும் வசதி குறைந்த பகுதிகளிலேயே பணிபுரிய வாய்ப்பு அதிகம். ஆனால் முதலில் அமர்த்தப்பட்ட அதே ஊரில் தங்க வாய்ப்பு குறைவு என்பது அதன் முடிவு. ஓர் எச்சரிக்கையும் அதில் இருந்தது. கிராமத்துக்குப் போகும் மனம் ஏற்கெனவே உள்ளவர்களே இத்தகைய திட்டங்களில் சேரக்கூடும். அப்படியானால் பலன் பணத்தால் வந்ததா மனத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் பண ஊக்கத்தோடு நிற்கவில்லை. ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்ப்பதற்கு அது முக்கிய இடம் தருகிறது. இந்தக் கடைசிச் செய்தி நம் வாதத்துக்கு மிகவும் தேவைப்படும்.

இங்கே கடன் எவ்வளவு?

அமெரிக்காவில் கால்நடை மருத்துவப் பட்டதாரி ஒருவரின் சராசரிக் கல்விக் கடன் ஒன்றரை லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. அந்தச் சுமையோடு சிற்றூரில் பசு வைத்தியம் பார்த்துப் பிழைக்க முடியாது. நகரத்து நாய், பூனை மருத்துவமனைதான் கதி. அங்கே கடன் மருத்துவரின் காலைக் கட்டும் கயிறு. அதை அறுத்தால் அவர் நகர்வார். திட்டத்தின் தர்க்கம் முழுவதும் இந்த உண்மையின் மேல் நிற்கிறது.

தமிழ்நாட்டில் அந்த உண்மை இல்லை. இங்கே இத்துறைக் கல்வி 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு கல்லூரிகள் அதன் உறுப்புகள். ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் இருப்பது 2012இல் தொடங்கிய திருநெல்வேலி இராமையன்பட்டிக் கல்லூரி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடக்கிறது. கட்டணம் அரசுக் கட்டணம். தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில் வைக்கக்கூட முடியாது. உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டு படிப்பில் செலவாகிற பணத்தில் விடுதியும் உணவும் பெரும் பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர் 4 லட்சம் ரூபாய் கடனோடு வெளியே வருகிறார், வட்டி 10 விழுக்காடு, பத்தாண்டில் அடைக்க வேண்டும் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 5,290 ரூபாய். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 1,141 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2019இல் வெளியிட்ட அறிவிப்பில் ஊதியம் 55,500 ரூபாயிலிருந்து தொடங்கியது. தவணை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசுப் பணியில் சேர்ந்த மருத்துவரை ஓட்டப்பிடாரத்துக்கு வரவிடாமல் தடுப்பது கடன் என்று சொல்ல இக்கணக்கு இடம் தரவில்லை. அரசுப் பணி கிடைக்காமல் தற்காலிகப் பணியிலோ கோழிப்பண்ணை, மருந்து நிறுவனங்களிலோ இருப்பவருக்கு அதே தவணை கனக்கும். அவர்களைப் பற்றித்தான் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இருக்கும் சலுகைகளையும் பார்க்கலாம். 2009-10இல் தொடங்கிய மத்திய வட்டி மானியம், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் வட்டியைப் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் ஏற்றது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டம் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டியைக் குறைக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு, செலுத்திய வட்டியை எட்டாண்டு வரை கழித்துக்கொள்ள விடுகிறது. இவற்றில் எதுவும் படித்தவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்பதில்லை. 80இ பிரிவுக்கு ஒரு சாய்வும் உண்டு: வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும் நகரத்து மருத்துவருக்குத்தான் அது பயன்படும். கரிசலில் தனியாகத் தொழில் தொடங்கிய இளைஞருக்குக் கழிக்க வரியே இருக்காது.

இங்கே ஒரு முரண் வந்து நிற்கிறது. 2021இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஊருக்குத் திரும்ப அதிக வாய்ப்புள்ளவர்கள் ஊரகப் பின்னணி கொண்டவர்கள் என்று ஆய்வுகள் சொன்னால், நம்மிடம் அந்தக் கூட்டத்துக்கு மிக நெருக்கமானவர்கள் இந்த மாணவர்கள்தாம். ஆனால் அவர்களுக்குக் கடனே இருக்காது, இருந்தாலும் சொற்பமாக இருக்கும். அமெரிக்க விதியை அப்படியே கொண்டுவந்தால் பசுவந்தனைப் பள்ளியில் படித்து மருத்துவரான பெண் அதில் விண்ணப்பிக்கவே முடியாது. நகரத்தில் படித்துக் கடன் வாங்கியவர் விண்ணப்பிக்கலாம். கடனை அளவுகோலாக வைப்பதில் உள்ள பிழைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாட்டலகில் மறையும் ஆடு

பற்றாக்குறை எங்கே என்று எப்படி அறிவது? இந்தியாவில் வெகுகாலமாகச் சொல்லப்படும் அளவு, தேசிய வேளாண் ஆணையம் 1976இல் பரிந்துரைத்தது: 5,000 மாட்டலகுக்கு ஒரு மருத்துவர். ஒரு பசு அல்லது எருமை ஓர் அலகு; வழக்கமான கணக்கில் பத்து ஆடுகள் சேர்ந்தால் ஓர் அலகு.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாடுகள் 95.19 லட்சம், எருமைகள் 5.19 லட்சம், வெள்ளாடுகள் 98.88 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். தலைகளை எண்ணினால் மாடும் எருமையும் சேர்ந்து 100 லட்சம், ஆடுகள் 144 லட்சம். அலகாக மாற்றினால் ஆடுகள் 14.4 லட்சமாகச் சுருங்குகின்றன. மொத்தம் ஏறத்தாழ 114.8 லட்சம் அலகு. அதற்குத் தேவையான மருத்துவர்கள் சுமார் 2,300 பேர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடை மருந்தகங்கள் உள்ள மாநிலத்தில் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிட்டதாகக் காகிதம் சொல்லும். மாநிலக் கால்நடைகளில் பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் அந்தக் கணக்கில் எட்டில் ஒரு பங்காகிவிட்டன. மாடு நிறைந்த கொங்கு வட்டாரத்தில் இது பெரிய பிழை ஆகாது. ஆடு நிறைந்த ஓட்டப்பிடாரத்தில் பற்றாக்குறையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பத்துக்கு ஒன்று என்ற விகிதம் பண மதிப்பில் சரியானதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தென்மாவட்டங்களில் கால்நடைகள் மடிந்தபோது அரசு அறிவித்த நிவாரணம் மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். ஒன்பது மடங்குக்குச் சற்று மேல். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் போன்ற மந்தை வேலைகளிலும் ஓர் ஆட்டுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு என்பதை ஏற்கலாம். ஆனால் குட்டி குறுக்கே விழுந்து ஈன முடியாமல் தவிக்கும் ஒரு கன்னி ஆட்டைப் பார்க்கக் குறுக்குச்சாலையிலிருந்து உள்ளே போகும் மருத்துவரின் பெட்ரோலும் நேரமும் உழைப்பும் பசுவுக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. சரிசமமாகவே ஆகும். உழைப்பு பசுவுக்கு உரியது, விலை ஆட்டுக்கு உரியது என்பதே ஆட்டு வைத்தியத்தின் அடிப்படைச் சிக்கல்.

அரசே இன்னோர் இடத்தில் வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. ஒன்றிய அரசின் நிதியுதவியோடு 1962 என்ற எண்ணில் இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான அளவு, ஒரு லட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி. தமிழ்நாடு 2024இல் 245 ஊர்திகளை இயக்கத் தொடங்கியது. மாநிலத்தின் கால்நடைகள் ஏறத்தாழ 245 லட்சம். இங்கே ஆடு ஒரு தலைக்கு ஒன்றாக எண்ணப்படுகிறது. ஒரே துறையில் ஊர்திக்கு ஒன்று, மருத்துவருக்குப் பத்தில் ஒன்று என்று ஆட்டுக்கு இரண்டு மதிப்பு இருக்க வேண்டியதில்லை.

ஏன் தனி மருத்துவர் இங்கே தங்குவதில்லை

ஈரோடு, நாமக்கல் பக்கம் தனியாகத் தொழில் செய்யும் கால்நடை மருத்துவர் பிழைத்துக்கொள்கிறார். பால் ஊற்றும் வீட்டில் வாரத்துக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை பணம் புழங்கும். சினை ஊசி போடுவது மட்டுமே ஒழுங்கான வருமானம் தரும். கூட்டுறவுச் சங்கமும் பக்கத்தில் இருக்கும். மாட்டின் மதிப்பு ஐநூறு, ஆயிரம் ரூபாய் வைத்தியச் செலவைத் தாங்கும்.

கரிசலில் இந்த நான்கும் இல்லை. ஆடு விற்றால்தான் பணம். அதுவும் பண்டிகையையோ பள்ளிக் கட்டணத்தையோ ஒட்டி விற்பது. ஆட்டுக்குச் சினை ஊசி வழக்கம் இங்கே அநேகமாக இல்லை, கிடாவே போதும். நோய் முற்றிய ஆட்டுக்கு ஐநூறு ரூபாய் செலவழிப்பதைவிட உயிரோடு இருக்கும்போதே கறிக்குத் தள்ளிவிடுவது லாபம் என்று ஆடு வளர்ப்பவர் கணக்குப் போடுவார். அவர் கணக்கு தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஊருக்குள் ஊசி போடத் தெரிந்த ஒருவரும் மெடிக்கல் கடையும் மருத்துவரின் இடத்தை நிரப்புகிறார்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே மற்றவர்கள் சிறு சிகிச்சைகளைச் செய்ய அனுமதிக்கிறது. மேற்பார்வை செய்ய ஆள் இல்லாத ஊரில் அந்த நிபந்தனைக்கு என்ன பொருள்?

ஆட்டுக்காரர் கொடுக்க மறுக்கும் விலையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதலில் பதிவானது 1987இல், தமிழ்நாட்டின் அரசூரில். இன்று அந்நோயை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிக்க ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டு வெக்கை நோய் 2011இல் அப்படி ஒழிந்தது. ஏதோ ஒரு கிடையில் நான்கு ஆடுகள் மூக்கொழுகிச் செத்ததை முதல் நாளே பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர் அருகில் இருப்பதன் பயன், அந்தக் கிடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. எட்டயபுரம் சந்தைக்கு வரும் ஒவ்வோர் ஆட்டுக்கும் உரியது. அந்தப் பயனுக்கு எந்தத் தனி ஆளும் கட்டணம் தரமாட்டார். பொதுப்பணம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மனித மருத்துவம் காட்டிய வழி

பணத்தைத் தவிர வேறு ஊக்கங்களும் உண்டு என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்குவதும், தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரிந்த ஆண்டுகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதும் நெடுங்காலம் வழக்குகளில் உழன்றன. 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்க வழக்கில் பணியிலிருப்போருக்கு இடம் ஒதுக்கும் மாநிலத்தின் அதிகாரத்தை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, படித்து முடித்ததும் கட்டாயப் பணி என்ற பிணைப் பத்திரங்களையும் அதே நீதிமன்றம் செல்லும் என்றது.

கட்டாயப் பத்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பணம் கட்டி விலகிக்கொள்ள வசதி உள்ளவர் விலகுவார். வசதி இல்லாதவர் நாட்களை எண்ணிக்கொண்டு இருப்பார். முதுநிலை இடம் என்ற ஊக்கம் வலுவானது. ஆனால் அது மருத்துவரை ஊருக்கு அனுப்புவது போலவே ஊரிலிருந்து எடுத்தும் விடுகிறது. ஐந்தாண்டு ஆட்டுப் பகுதியில் இருந்தவருக்கு அப்பகுதிக் கல்லூரியிலேயே, ஆட்டின நோய்களைப் பற்றிய முதுநிலைப் படிப்பில் முன்னுரிமை என்று வைத்தால் அந்தக் குறை கொஞ்சம் தணியும்.

இருக்கும் திட்டங்களில் நம் கேள்விக்கு மிக அருகில் வருவது 2002இல் தொடங்கிய வேளாண் மருத்துவ மையத் திட்டம். ஐதராபாத் மேனேஜ் நிறுவனம் பயிற்சி தர, நபார்டு வழியாக மானியம் வருகிறது. கால்நடை மருத்துவப் பட்டதாரியும் வங்கிக் கடனில் மருத்துவ மையம் தொடங்கலாம். பொதுப் பிரிவினருக்கு 36 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 44 விழுக்காடு மானியம். கடனின் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது என்ற வகையில் இது கடன் நிவாரணமே. ஆனால் இதுவும் இடம் பார்ப்பதில்லை. தூத்துக்குடி நகரத்தில் நாய் மருத்துவமனை தொடங்குபவருக்கும் கரிசல் ஊரில் ஆட்டு மருத்துவமனை தொடங்குபவருக்கும் ஒரே விழுக்காடு என்றால் புத்தியுள்ளவர் எங்கே தொடங்குவார்?

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களை நான் மதிக்கிறேன். முதலாவது, காலிப் பணியிடங்களை ஒழுங்காக நிரப்பினால் போதும், தனி ஊக்கம் எதற்கு என்பது. நிரப்ப வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எந்தத் திட்டமும் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் நிரப்பப்பட்ட இடத்திலிருந்து மாறுதல் வாங்கிப் போவதைத் தடுக்க நிரப்புவது மட்டும் உதவாது.

இரண்டாவது, நடமாடும் ஊர்தி வந்துவிட்டதே என்பது. ஊர்தி பெரும் உதவி. ஆயினும் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒன்று என்ற அளவில், மழை நாளில் இரண்டு ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் ஓர் ஊர் காத்திருக்க வேண்டும். அதில் பணிபுரியும் இளம் மருத்துவருக்கு நிரந்தரப் பணியின் பாதுகாப்பும் இல்லை. சேவைத் தொகைக்கு முதல் உரிமை அவருக்கே தர வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவதுதான் கடினமானது: அரசு மருத்துவர்களுக்கு ஏற்கெனவே நல்ல ஊதியம், மேலும் ஏன் கொடுக்க வேண்டும்? 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனபோது அதற்குப் பின்னால் பயிரிழந்த குடும்பங்கள் இருந்தன. படித்து வேலைக்குப் போனவருக்கு அதே அனுதாபத்தை ஆட்டுக்காரர் ஏன் காட்ட வேண்டும்? காட்ட வேண்டியதில்லை. அதனால்தான் இதைக் கடன் தள்ளுபடியாக முன்வைக்கக் கூடாது என்கிறேன்.

ஒரு வடிவம்

என் பரிந்துரை இது. ஊராட்சி ஒன்றியவாரியாக, ஆட்டைத் தலைக்கு ஒன்றாகவும் தூரத்தையும் சாலையின் தன்மையையும் சேர்த்தும் பற்றாக்குறைப் பகுதிகளை அறிவிக்க வேண்டும். அங்கே தங்கிப் பணிபுரியும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், தனியாகத் தொழில் செய்பவர் என்ற வேறுபாடின்றி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சேவைத் தொகை. கல்விக் கடன் இருந்தால் வங்கிக்குப் போகட்டும். தொழில் கடன் இருந்தால் அதற்குப் போகட்டும். இரண்டும் இல்லாத அரசுப் பள்ளி மாணவிக்குக் கையில் போகட்டும். நியூசிலாந்தைப் போல மூன்றாண்டு காக்கவைப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. ஆண்டு முடிவில் கொடுத்துவிட வேண்டும். தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும், ஏனென்றால் நாலாவது ஆண்டில் தங்குவதுதான் முதல் ஆண்டைவிடக் கடினம். தனியாகத் தொழில் செய்பவர் அறிவிக்கப்பட்ட குறைந்த கட்டணத்தில் ஆடு பார்க்கவும், சந்தேக நோயை அன்றே துறைக்குத் தெரிவிக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் மருத்துவர்களுக்கு இரவு அழைப்புக்கு வாகனமும் குடியிருப்பும் இல்லாவிட்டால் எந்தத் தொகையும் பயன் தராது.

செலவு? ஆண்டுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய் வீதம் 100 மருத்துவர்களுக்கு 2 கோடி. ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் என்று 2021-22இல் அரசு அறிவித்த திட்டத்தின் மதிப்பு 75.63 கோடி, 1,94,000 ஆடுகள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் அதைவிடப் பெரியது. ஆட்டைக் கொடுக்கப் பணம் கண்டுபிடித்த அரசு, கொடுத்த ஆடு பிழைத்திருக்க இந்தச் சிறு தொகையைக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் நம்பவில்லை.

தொடங்க வேண்டிய இடம் நிதித்துறை அல்ல. 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் ஊராட்சி ஒன்றியவாரி எண்ணிக்கையையும், ஒவ்வோர் ஒன்றியத்திலும் இன்று நிரம்பியிருக்கும் மருத்துவர் பணியிடங்களையும் ஒரே பட்டியலில், ஆட்டை அலகாகச் சுருக்காமல், கால்நடை பராமரிப்புத் துறை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் ஓட்டப்பிடாரத்துக்கு எத்தனை மருத்துவர் தேவை என்பதை ஊராட்சித் தலைவர்களே கேட்டுப் பெறுவார்கள்.